குளிரில் மட்டும் வந்து போனவன்

காணாமல் போகாத ஒரு பொருளைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லி எங்களிடம் வந்த முதல் ஆள் தெய்வநாயகிதான்.

சூரமங்கலத்தில் ரயில்வே குடியிருப்புக்குப் போகும் வழியில், சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம். எங்கள் என்றால் வெள்ளியங்கிரி சாரும் நானும். சார் முன்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்த லாரிகளை மோப்பம் பிடித்துக்கொண்டிருந்தவர். லாரி பொய் சொல்லாது, ஓனர்தான் சொல்கிறான் என்று வெறுத்துப்போய்ச் சொந்தமாகத் துப்பறியும் போர்டு மாட்டினார். நான் ராசாத்தி, மல்லசமுத்திரத்துக்காரி. டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். டைப்ரைட்டரைவிட என் வாய் வேகமானது என்பதை அவர் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். அவர் துப்பறிந்ததில் அதுதான் மிகச் சுலபமான கேஸ்.

எண்பத்து நாலாம் வருடத்துச் சித்திரை. காலையிலேயே கரண்ட் போய்விட்டது. வந்த பெண்ணுக்கு நாற்காலியைக் காட்டினேன். அவள் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே நடந்துகொண்டே பேசினாள். பார்த்துக்கொண்டிருந்த எனக்கே கால் பரபரத்தது.

ராசிபுரத்துச் சாயப்பட்டறைக்காரர் மகள். சேலத்துக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆராய்ச்சி செய்கிறாள். அன்று சாயங்காலம் நாலு மணிக்கு வாய்மொழித் தேர்வு. தேறினால் டாக்டர் தெய்வநாயகி. தேறாவிட்டால், மூன்று வருடமாகப் பொய்க்கணக்கு எழுதியவள் என்ற பெயரோடு ராசிபுரம் பஸ் ஏற வேண்டும். மெட்ராஸிலிருந்து தேர்வாளர் வந்து லாட்ஜில் இறங்கிவிட்டார். பரிசோதனையை நேரில் பார்க்க வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அதற்கு முந்தின நாள் ஒத்திகை பார்த்தபோதுதான் வெண்ணெய் திரளும் நேரத்தில் தாழி உடைந்தது.

என்ன உடைந்தது என்பதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். தவறு இருந்தால் என் பத்தாம் வகுப்பு சயின்ஸ் டீச்சரைக் கேளுங்கள்.

அவள் செய்து வைத்திருந்தது செம்பு கலந்த ஒரு நீலத்தூள். அதில் உள்ள ஒவ்வொரு செம்பு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். தூளைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, தராசிலிருந்து நூல் கட்டி, பெரிய மின்காந்தத்தின் இரண்டு முனைகளுக்கு நடுவே தொங்கவிடுவார்கள். காந்தத்தைப் போட்டதும் தூள் கீழே இழுபடும், தராசு எடை கூடினதாகக் காட்டும். சாதாரணச் செம்பு உப்பாக இருந்தால், குளிர வைக்க வைக்க இழுவை கூடும். இவளுடைய தூள் நேர்மாறு. திரவ நைட்ரஜனில் வைத்துக் குளிர வைத்தால் இழுவை அநேகமாகச் செத்துவிடும். அதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சியின் மொத்த சாரம்.

முந்தின நாள் அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் கண்ணுசாமியின் முன்னால் குளிர வைத்துக் காந்தத்தைப் போட்டபோது, இழுவை சாகவில்லை. கூடியது.

போலீஸுக்குப் போகவில்லையா என்று கேட்டேன்.

“போனா என்ன காணோம்னு கேப்பாங்க. ஒண்ணுமே காணாமப் போகலீங்களே.”

அவளுக்குச் சந்தேகம், பக்கத்து மேஜையில் ஆராய்ச்சி செய்யும் சுப்பையன் மேல். காந்தத்தை யார் எப்போது பயன்படுத்துவது என்று இரண்டு பேருக்கும் தகராறு. அவன்தான் தூளை மாற்றி வைத்துவிட்டான் என்று அடித்துச் சொன்னாள்.

சார் அதுவரை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தார். விசிறியை நிறுத்தினார்.

“நேத்து சாயந்தரம், குளிரெல்லாம் எறங்கின பொறகு, அதே குழாயைத் திரும்ப எடை போட்டீங்களா அம்மிணி?”

“போட்டேனுங்க.”

“எவ்வளவு இழுத்துது?”

“எப்பவும் இழுக்கற அளவுதானுங்க. மூணு வருசமா என்ன வந்துதோ அதேதான்.”

“அப்பத் தூளை யாரும் மாத்தலை. வெளிய உங்க தூளாட்டவே நடிச்சு, குளிர்ல மட்டும் வேசத்தைக் கலைக்கற இன்னொரு தூளைச் செய்யற அளவுக்குச் சுப்பையன் கெட்டிக்காரனா இருந்தா, உங்களுக்கு முன்னாடியே டாக்டராயிருப்பாரு.”

அவள் முதல்முறையாக உட்கார்ந்தாள். சுப்பையன் திருடனில்லை என்றானதில் அவளுக்கு நிம்மதி வரவில்லை. இருந்த ஒரே திருடனும் போய்விட்டானே என்ற தவிப்புதான் முகத்தில் தெரிந்தது.

*

சாரின் பழைய ஃபியட் காரின் இடதுபக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. கல்லூரி வாசலில் நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு, வெளிப் பிடியைத் திருகி இறங்கினேன்.

பேராசிரியர் கண்ணுசாமி ஆய்வுக்கூட வாசலிலேயே நின்றிருந்தார். அவரும் இரவு தூங்கவில்லை என்பது கண்களில் தெரிந்தது. நல்ல மனிதர்தான். ஆனால் அந்த நீலத்தூளைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் அவர் பெயரும் இருந்தது. துப்பறியும் ஆட்களைக் கண்டதும் அவருக்கு முகம் சுருங்கியது. மூன்று மணிக்குள் ஆய்வேட்டை வாபஸ் வாங்கிக்கொண்டால் விஷயம் வீட்டோடு முடியும், இல்லாவிட்டால் தேர்வாளரிடம் தானே எழுந்து இந்தக் கணக்குகளில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிடுவதாகத் தெய்வநாயகியிடம் சொன்னார். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தார்.

சார் அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். காந்தத்தைப் போடுவதற்கு முன்பே, குளிர்ந்த குழாய் எடை கூடியிருந்ததா? கூடியிருந்தது என்றார் பேராசிரியர். குழாயின் வெளியில் படிந்த பனியாக இருக்கும் என்று துடைத்துவிட்டார்களாம். துடைத்த பிறகும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருந்ததாம்.

“சூடானதும் அந்தக் கூடுதல் போயிருச்சுங்களா?”

“போய்விட்டது.”

“வந்ததும் தெரியலை, போனதும் தெரியலை. எங்க ஊட்டுக்கு வர்ற மச்சானாட்டம்” என்றேன். பேராசிரியர் என்னைப் பார்த்த பார்வையில் நீலத்தூளே வெளுத்துப்போயிருக்கும்.

குழாயை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார் சார். விரல் நீளக் கண்ணாடிக் குழாய், வாயில் ஒரு தக்கை, தக்கை மேல் மெழுகு. காற்றுப் போகக் கூடாது என்று ஒவ்வொரு தடவையும் தன் கையாலேயே மெழுகு உருக்கி வைப்பதாகத் தெய்வநாயகி சொன்னாள். மெழுகின் நடுவில் ஓர் எறும்பு நுழையும் அளவுக்கு ஓட்டை. தக்கையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. அவள் அதை அப்போதுதான் பார்த்தாள். மெழுகு வைத்த கைக்கு மெழுகு இருக்கிறதா என்று மறுபடி பார்க்கத் தோன்றாது.

“ஊக்கு ஓட்டைங்க சார்” என்றேன்.

“ஊக்கு வட்டமாத்தான போடும். நல்லாப் பாரு.”

பார்த்தேன். ஓட்டை சதுரமாக இருந்தது.

சதுர ஓட்டையைப் பார்த்ததும் எனக்கு எங்கள் அப்பாவின் இடுப்பு ஞாபகம் வந்தது. காட்டுப்பக்கம் நடக்கிற எந்த ஆம்பளையும் அரைஞாண் கயிற்றில் முள்வாங்கி கோத்திருப்பான். காலில் வேலாமுள் ஏறினால் கிளறி எடுக்க அதில் ஒரு குத்தூசி இருக்கும். கொல்லுப்பட்டறையில் தட்டிச் செய்வதால் அது உருண்டையாக இருக்காது, நான்கு பட்டையாக இருக்கும். சொன்னேன். சார் தலையை ஆட்டினார். பிறகு கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பேராசிரியர் பேண்ட், பெல்ட். மூலையில் நின்ற சுப்பையன் பேண்ட், பெல்ட். கடைசியாக அட்டெண்டர் பொன்னனைப் பார்த்தார். அவர் இடுப்பில் கை வைத்து மறைத்துக்கொண்டார்.

“என்கிட்ட இல்லீங்க. நான் வாழப்பாடி டவுனுக்குள்ளயே பொறந்தவன். எனக்கெதுக்குங்க முள்ளு?”

ஆனால் அவர் மனதில் வேறொரு முள் இருந்தது. கொஞ்சம் தூண்டியதும் சொன்னார். நேற்று தூள் நைட்ரஜனுக்குள் இருக்கும்போது கரண்ட் போய்விட்டது. காந்தத்துக்குக் கரண்ட் வேண்டுமே. வெகுநேரம் அப்படியே கிடந்தது. பேராசிரியர் மின்வாரியத்துக்குப் போன் செய்யப் போனார். தெய்வநாயகி பொறுக்க முடியாமல் வராந்தாவில் நடந்துகொண்டிருந்தாள். கரண்ட் வந்து, எடை பார்த்து, எல்லாம் கெட்டுப்போன பிறகு பேராசிரியர் கோபத்தில் குழாயை எடுத்துப் பிள்ளையார் படத்துக்குக் கீழே இருந்த மேஜையில் வைத்தார். அங்கே பொன்னன் தினமும் கொளுத்தி வைக்கும் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

“அந்தக் குழாயைக் கொண்டாந்து வெச்சதும் ஊதுபத்தி திகுதிகுன்னு பத்திக்கிச்சுங்க. பொகைய வேண்டியது தீயா நின்னு எரிஞ்சுது. சாமி குத்தம்னு நெனச்சு நான் யார்கிட்டயும் சொல்லலீங்க.”

பேராசிரியர் எரிச்சலோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சார் மட்டும் பொன்னனை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

கரண்ட் இல்லாத நேரத்தில் குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது யார்? ஒரே ஒருவர்தான் என்றார் பொன்னன். நைட்ரஜன் கேன் கொண்டுவந்த ஆள். தெய்வநாயகியின் தாய்மாமன் கந்தவேல்.

அவர் மல்லசமுத்திரம் பக்கத்து மாட்டாஸ்பத்திரியில் சினை ஊசி போடும் உதவியாளர். காளை விந்து அடைத்த சினை ஊசிக் குச்சிகளை உறைய வைத்திருப்பது திரவ நைட்ரஜன் கேனில். அங்கே உள்ள டாக்டரம்மா அனுமதியோடு, மிஞ்சுவதை மருமகளின் ஆராய்ச்சிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

தெய்வநாயகிக்கு ரத்தம் தலைக்கேறியது.

“எங்க மாமாவைச் சொல்லாதீங்க. அப்பா படிப்பை நிறுத்தச் சொன்னப்ப, ஊட்டு முன்னால வந்து உக்காந்து சோறு தண்ணி இல்லாமப் படிக்க வெச்சவரு. அவரு கைய வெட்டிக்குவாரே தவிர என் குழாயில கைவெக்க மாட்டாரு.”

“சரிங்க அம்மிணி. அதை அவர்கிட்டவே கேட்டுட்டு வந்துருவோம்” என்றார் சார்.

*

அவளும் காரில் ஏறிக்கொண்டாள். எங்களுக்கு உதவ இல்லை, மாமாவுக்காக எங்களோடு சண்டை போட.

கார் கொண்டலாம்பட்டியைத் தாண்டியது. வெயிலில் ரோடு நெளிந்தது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வரிசையாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. அவள் நகத்தைக் கடித்தாள், கைக்கெடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடி நகத்தைக் கடித்தாள். பேச்சுக் கொடுத்தால் விரலாவது மிஞ்சும் என்று, அந்தத் தூளுக்குள் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன்.

அவள் குரல் மாறியது. அப்பாவின் பட்டறையில் துணியில் துருக்கறை விழுந்தால் ஆக்சாலிக் அமிலத்தில் அலசுவார்களாம். அது துருவில் உள்ள இரும்பைக் கைபோட்டுப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிடும். சின்ன வயதில் அதைப் பார்த்துதான் அவளுக்கு இந்தக் கிறுக்கு பிடித்தது. நீலத்தூளில் செம்போடு இருப்பதும் அந்த அமிலத்திலிருந்து வரும் ஆக்சலேட்தான். அதற்கு நாலு கை. இரண்டு கையால் இந்தப் பக்கத்துச் செம்பையும், இரண்டு கையால் அந்தப் பக்கத்துச் செம்பையும் பிடித்துக்கொண்டு நடுவில் பாலமாகக் கிடக்கும். இரண்டு செம்பும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. ஆனாலும் பாலத்தின் வழியாகத் தகவல் போய்விடும். ஒரு குட்டிக் காந்தம் மேலே பார்த்தால், மற்றது கீழே பார்க்கும்.

“பங்காளிகளாட்டம்னு சொல்லுங்க. ஒருத்தன் மேக்க பாத்தா இன்னொருத்தன் கெழக்க பாப்பான்.”

“அப்படித்தானுங்க. சூட்டுல கொஞ்சம் திமிறுவாங்க, அதனால இழுவை தெரியும். குளிர வெச்சா அடங்கி எதிரும் புதிருமா நின்னுருவாங்க. ஒருத்தர் பலத்தை இன்னொருத்தர் தின்னுருவாரு. வெளிய இருந்து பாத்தா காந்தமே இல்லாத மாதிரி இருக்கும்.” மறுபடி கெடிகாரத்தைப் பார்த்தாள். “நான் பாத்தது நெசமுங்க. ஒரு தடவை இல்லை, எத்தனையோ தடவை பாத்தேன். இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. அதுதான் தாங்க முடியலை.”

எனக்கு அதற்கு மேல் கிண்டல் வரவில்லை.

மாட்டாஸ்பத்திரியில் அவர் இல்லை. வள்ளியாத்தாள் என்பவளின் தோட்டத்துக்கு மாட்டுக்கு ஊசி போடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரியில் கார் தட்டுத்தடுமாறி ஏறி இறங்கியது. கட்டுத்தரையில் ஒரு சிவலைப் பசுவின் பின்னால், தோள்வரை உறை மாட்டிய ஒரு கையோடு கந்தவேல் நின்றிருந்தார். பக்கத்தில் கேன். அதன் வாயிலிருந்து வெள்ளைப்புகை வழிந்து தரையில் படர்ந்தது. மருமகளைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“ஏஞ் சாமி, இந்நேரத்துல? பரிச்சை நாலு மணிக்குத்தான, கேனோட நானே வந்துருவனே.”

அவருக்கு ஒன்றுமே தெரியாது. நேற்று எடை பார்ப்பதற்குள் ஊர்ப் பஸ் போய்விடும் என்று கேனைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

சார் முள்வாங்கியைக் கேட்டார். கந்தவேல் கையைக் கழுவிவிட்டு, வேட்டி மடிப்பை விலக்கி அரைஞாணிலிருந்து கழற்றிக் கொடுத்தார். சார் குழாயிலிருந்து கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி வந்திருந்த தக்கையை எடுத்து, குத்தூசியை அந்த ஓட்டையில் நுழைத்தார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

தெய்வநாயகியின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க மனமில்லை.

“மாமா, நீங்களா போட்டீங்க?”

“ஆமாஞ் சாமி, நாந்தான் போட்டேன்” என்றார் அவர். குரலில் குற்ற உணர்ச்சியே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

இடது கையை நீட்டிக் காட்டினார். ஆள்காட்டி விரலில் பாதி இல்லை. அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் விந்து கண்ணாடிக் குப்பிகளில் வந்ததாம். ஒரு குப்பியில் மூடி சரியில்லாமல் நைட்ரஜன் கசிந்து உள்ளே போயிருந்தது. வெளியே எடுத்ததும் சூட்டில் பொங்கி, வெளியேற வழியில்லாமல் வெடித்தது. விரல் போனது. கண் தப்பியது கடவுள் புண்ணியம்.

“அன்னையில இருந்து இந்தத் தொழில்ல எங்களுக்கு ஒரே சட்டமுங்க. நைட்ரசனுக்குள்ள போற எதையும் இறுக்கி மூடப்படாது. கேன் தக்கையக்கூட லூசாத்தான் வெப்போம். இத்தனை நாளும் கேனைக் குடுத்துட்டுப் பஸ்ஸுக்கு ஓடிருவேன், இவ என்ன பண்றான்னு பாத்ததில்லை. நேத்துத்தான் பாத்தேன். மெழுகு வெச்சு அடைச்ச கண்ணாடியை மூஞ்சிக்கு நேராத் தூக்கிப் பாக்குது புள்ள. அது வராந்தாவுல நடந்த நேரம் பாத்து ஒரு குத்துக் குத்தி வுட்டேன்.”

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்த கதை. அவர் நினைத்தது மருமகளின் கண்ணைக் காப்பாற்ற. கெடுத்தது அவள் பட்டத்தை. ஆனால் இதை எப்படி அவரிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தெய்வநாயகி மாடு தண்ணீர் குடிக்கும் தாழியின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். வெறும் ஓட்டைதானே, ஓட்டை எப்படிக் காந்தத்துக்கு இழுபடும், இதைச் சொன்னால் பேராசிரியர் சிரிப்பார் என்றாள்.

“ஓட்டை போட்டவரு கெடைச்சுட்டாரு. ஓட்டை வழியா உள்ள போனவன்தான் இன்னும் கெடைக்கலை” என்றார் சார். “அவனைப் பத்தி நமக்கு என்னென்ன தெரியும்? குளிர்ல மட்டும் வந்தான். வந்ததும் எடை கூடுச்சு. காந்தத்தைப் போட்டதும் அவனும் சேந்து இழுபட்டான். சூடானதும் ஆள் அம்பேல். போற வழியில ஊதுபத்தியை ஊதிப் பத்த வெச்சுட்டுப் போயிருக்கான்.”

“பிள்ளையாரா?” என்றேன்.

“நான் பாத்த லாரிப் பட்டறைத் தீயில பாதி, வெல்டிங் ஆளோட பீடிதான். கேஸ் வெல்டிங்குக்கு ரெண்டு சிலிண்டர் வெச்சிருப்பான். அதுல ஒண்ணு கசிஞ்ச எடத்துல பீடி, பீடியாட்ட எரியாது. மத்தாப்பாட்ட எரியும். அந்தச் சிலிண்டர்ல என்ன இருக்கும் அம்மிணி?”

தெய்வநாயகி எழுந்து நின்றாள்.

“ஆக்சிஜன்.”

பிறகு அவளை யாராலும் நிறுத்த முடியவில்லை. நைட்ரஜனின் குளிரில் காற்றில் உள்ள ஆக்சிஜன் திரவமாகிவிடும். கரண்ட் இல்லாத அத்தனை நேரமும் குழாய் அந்த ஓட்டை வழியாகக் காற்றைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தூளுக்குள் திரவ ஆக்சிஜன் ஊறியிருக்கிறது. ஆக்சிஜனோ தானே காந்தத்துக்கு இழுபடுகிற சாதி. நேற்று இழுபட்டது செம்பு அல்ல, காற்று. காற்று உள்ளே போய்விடும் என்ற பயத்தில்தான் அவள் மெழுகே வைத்தாள். மெழுகு வைத்துவிட்ட தைரியத்தில் பயத்தை மறந்துபோனாள்.

“என் கணக்குச் சரிதானுங்க” என்று சாரிடம் சொன்னாள். அப்புறம் கந்தவேலிடம் சொன்னாள். அப்புறம் பசுவைப் பார்த்து ஒரு தடவை. கன்னத்தில் கண்ணீர் ஓடியது, அவள் துடைக்கவில்லை.

விஷயம் புரிந்ததும் கந்தவேலின் முகம் வெளுத்துவிட்டது. கேனைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடப்போனார். குறுக்கே வந்து நின்றாள் வள்ளியாத்தாள்.

“எம்மாட்டைப் பாத்துட்டு எங்க வேண்ணாலும் போங்க. பட்டம் நாளைக்கும் குடுப்பாங்க. இன்னைக்குப் பருவத்துக்குக் கத்தற மாடு நாளைக்குக் கத்துமா?”

நியாயமான பேச்சு. பசுவுக்கு ஊசி போட்டு முடியும்வரை நாங்கள் வெயிலில் நின்றோம். மேற்படிப்புக்காக ஒரு பசுவின் வாலை நான் பிடித்துக்கொண்டு நின்றது அன்றைக்கு மட்டும்தான்.

*

திரும்பும்போது நாலு பேர், ஒரு கேன். கேன் என் கால்களுக்கு நடுவில். உள்ளே நைட்ரஜன் கொதித்து ஆவியாகும் சீற்றம் எனக்கு முழங்காலில் தெரிந்தது. ஆட்டையாம்பட்டிக்குப் பக்கத்தில் காரின் ரேடியேட்டரும் கொதித்தது. ஒன்று குளிரில் கொதிக்கிறது, ஒன்று சூட்டில் கொதிக்கிறது, நடுவில் நான் என்று புலம்பினேன். யாரும் சிரிக்கவில்லை. கந்தவேல் பக்கத்துக் கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அவர் அவசரத்தில் பாதி ரோட்டில் போயிற்று.

கல்லூரிக்குள் நுழைந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. பேராசிரியர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். சார் அவரிடம் ஓட்டை, கரண்ட், ஊதுபத்தி மூன்றையும் வரிசையாகச் சொன்னார். பேராசிரியர் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். ஆக்சிஜன் என்ற சொல் வந்ததும் சாவியைத் திருப்பித் திறந்தார். “ஊதுபத்தி எரிந்தது என்று பொன்னன் சொன்னபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

தூளைப் புதுக் குழாயில் அடைத்துத் தக்கை வைத்தாள் தெய்வநாயகி. ஸ்பிரிட் விளக்கில் மெழுகு உருகியது. அவள் அதை எடுத்துத் தன் மாமாவிடம் நீட்டினாள்.

“நீங்களே மூடுங்க மாமா.”

அவர் பின்வாங்கினார். “என்னால ஆகாது சாமி.”

“கசிவே இல்லாம மூடிட்டா உள்ள ஒண்ணும் போகாது. போகாதது வெடிக்காது. நீங்க மூடினாத்தான் எனக்கும் நம்பிக்கை.”

வாழ்நாள் முழுக்க எதைச் செய்யக் கூடாது என்று அந்த அரை விரல் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்ததோ, அதையே அந்த விரலால் செய்தார். சுடச்சுட மெழுகை வைத்து, சுற்றிலும் அழுத்தி, திருப்பிப் பார்த்து, மறுபடி அழுத்தினார்.

தேர்வாளர் வந்துவிட்டார். குட்டையான, அவசரக்கார மனிதர். யாருக்கும் வணக்கம்கூடச் சரியாகச் சொல்லாமல் தராசின் முன்னால் போய் நின்றார். குழாய் குளிர்ந்தது. பேராசிரியர் காந்தத்தின் சுவிட்சைப் போட்டார். நல்லவேளையாக இந்த நேரம் பார்த்துக் கரண்ட் போகவில்லை.

தராசு அசையவில்லை. தேர்வாளர் குனிந்து பார்த்தார். காந்தத்தை நிறுத்தச் சொன்னார், போடச் சொன்னார், மறுபடி நிறுத்தச் சொன்னார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தானும் பார்த்தார். இழுவை இல்லை. பங்காளிகள் இருவரும் எதிரும் புதிருமாக அடங்கி நின்றுவிட்டார்கள்.

“உங்கள் கட்டுரையில் உள்ளது இதுதானே?” என்று கேட்டார் தேர்வாளர்.

“ஆமாங்க சார்” என்றாள் தெய்வநாயகி. பேராசிரியரும் அதையே சொன்னார், அவளைப் பார்த்துக்கொண்டு.

குழாயை மேலே எடுத்துத் தாங்கியில் வைத்துவிட்டு, எல்லோரும் பக்கத்து அறைக்குக் கேள்விகளுக்காகப் போனார்கள். சாரும் நானும் வராந்தாவில் நின்றோம். உள்ளே அவள் குரல் முதலில் தடுமாறியது, பிறகு நிமிர்ந்தது, பிறகு ஓட ஆரம்பித்தது. ஆக்சலேட்டின் நாலு கையும் சுவரைத் தாண்டி எனக்கே கேட்டன. கந்தவேலைக் கூப்பிட்டுக் காப்பி வாங்கிக் கொடுக்கலாம் என்று ஆய்வுக்கூடத்தை எட்டிப் பார்த்தேன்.

அவர் அங்கேயே நின்றிருந்தார். மூடிய குழாய்க்கும், அவள் இருந்த அறையின் கதவுக்கும் நடுவில். மார்பு குழாயின் பக்கம், இரண்டு கையும் பக்கவாட்டில் விரிந்திருந்தன. குழாயின் மேல் பனி வெள்ளையாகப் பூத்திருந்தது.

எல்லாம் முடிந்துவிட்டது, வாருங்கள் என்றேன்.

“இல்லீங் கண்ணு” என்றார் திரும்பாமல். “குளுருல ஒண்ணும் ஆகாது. சூடேறயிலதான் வெடிக்கும்.”

நான் போய் சாரிடம் சொன்னேன். சார் வந்து கதவோரம் நின்றார். பனி மெல்ல உருகி, சொட்டி, மேஜையில் வட்டமாகத் தேங்கியது. பக்கத்து அறையில் நாற்காலிகள் நகர்ந்தன. யாரோ கை தட்டினார்கள். கதவைத் தள்ளிக்கொண்டு தெய்வநாயகி ஓடி வந்தாள்.

“மாமா, டாக்டர்னு கூப்பிட்டாங்க மாமா.”

“அங்கயே நில்லு சாமி” என்று அவர் ஒரு கையைப் பின்னால் நீட்டி அவளைத் தடுத்தார்.

அவள் நின்றாள். அவர் அரை விரலைக் கொண்டுபோய் குழாயைத் தொட்டார். எடுத்தார். மறுபடி தொட்டு, இந்தத் தடவை அங்கேயே வைத்துக்கொண்டு நின்றார்.

“இப்ப வா” என்றார்.